காசிமேட்டு ஐஸ்ல ஐஸ்லாந்து எரிமலை செய்யறது எப்படி

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா. சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு எரிமலை செய்யணும் சித்தின்னு வந்து நின்னா. நானும் எல்லாரும் செய்யற மாதிரி பேப்பர் கூழ்ல கூம்பு புடிச்சு உள்ள பாட்டில் சொருகி ஆப்ப சோடாவும் வினிகரும் ஊத்தி செவப்பு நுரைய பொங்க விட்டுடலாம்னுதான் நெனச்சேன், அப்புறம் விசாரிச்சா அவ கிளாஸ்லயே நாலு பேர் அதே கூம்பு. சரி, மேல ஒரு பொட்டு நெருப்பு கூட தெரியாத எரிமலை ஒண்ணு செய்வோம்னு ஆரம்பிச்சதுதான் இது. ரெண்டு தடவ சொதப்பி மூணாவது தடவ ஒழுங்கா வந்துச்சு. நீங்க நேரா மூணாவது தடவைல இருந்தே ஆரம்பிக்கலாம்.

என்ன செய்யப்போறோம்னா, ஐஸ்லாந்துல வாட்னயோகுல்னு ஒரு பெரிய ஐஸ் கேப் இருக்கு, அதாவது ஒரு மேட்டு நிலம் முழுக்க தொப்பி மாதிரி கவுத்து வெச்ச பனிக்கட்டி. அதோட மேற்கு பகுதிய மட்டும் எடுத்துக்கறோம். யோகுல்னாலே அவங்க பாஷைல பனிப்பாறைதான், அதனால எல்லா பேரும் அப்படியே முடியும். கங்கோத்ரி மாதிரி ஒரு பள்ளத்தாக்குக்குள்ள ஆறு கணக்கா இறங்கற பனிப்பாறை வேற, இது வேற. இது கீழ இருக்கற மலை, பள்ளம், எரிமலை வாய் எல்லாத்தையும் மொத்தமா மூடிக்கிட்டு நாலா பக்கமும் வழியும். 50,000 சதுர கிலோமீட்டருக்கு உள்ள இருந்தாதான் ஐஸ் கேப்னு பேரு, அதுக்கு மேல போனா ஐஸ் ஷீட், கிரீன்லாந்து, அண்டார்டிகா எல்லாம் அந்த ரகம். வாட்னயோகுல் சுமார் 7,700 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சி 426, அப்போ பதினெட்டு சென்னைய பக்கத்துல பக்கத்துல வெச்ச மாதிரி. கனம் சராசரியா 400 மீட்டர், மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. பில்டிங்க ஒண்ணு மேல ஒண்ணா ஏழு வெச்சாலும் ஐஸ் அதுக்கு மேல நிக்கும். சில எடத்துல 900 மீட்டரையும் தாண்டுது.

முதல்ல மேப் வரைஞ்சுடுங்க, ஏன்னா மாடல் உருகிப்போனாலும் சார்ட் நிக்கும். ஐஸ்லாந்து நம்ம தமிழ்நாட்ட விட கொஞ்சம் சின்னது, 1.03 லட்சம் சதுர கிலோமீட்டர். ஜனங்க எல்லாம் கடலோரமாதான் இருக்காங்க, நடுவுல மேட்டு நிலம், ஒருத்தரும் நிரந்தரமா குடியிருக்கறதில்ல, அங்க போற மண் ரோடு கூட கோடைல மட்டும்தான் தொறப்பாங்க. அந்த மேட்டுல மேற்க லாங்யோகுல், நட்டநடுவுல வட்டமா ஹோஃப்ஸ்யோகுல், தென்கிழக்க வாட்னயோகுல், தெற்க கடல் பக்கமா மிர்தால்ஸ்யோகுல். இந்த நாலையும் வெள்ளை கலர் அடிங்க. ஹோஃப்ஸ்யோகுல் அடியிலயும் பெரிய எரிமலை வாய் ஒண்ணு ஐஸ் ரொம்பி கெடக்கு, அது உசுரோட இருக்கற எரிமலையானு பார்வைக்கு தெரியவே தெரியாது, தூங்கற மாதிரி இருக்கு. அங்க இருந்துதான் ஐஸ்லாந்தோட நீளமான ஆறு தியோர்சா தண்ணி எடுக்குது, 230 கிலோமீட்டர். மிர்தால்ஸ்யோகுல் அடியில இருக்கறது காட்லா, அது கடைசியா பெருசா வெடிச்சது 1918ல.

அப்புறம் மேப் குறுக்க தென்மேற்குல இருந்து வடகிழக்கு வரைக்கும் ஒரு செவப்பு பட்டை. பூமியோட மேலோட்டுல அமெரிக்கா பக்கத்து தட்டும் ஐரோப்பா பக்கத்து தட்டும் வருஷத்துக்கு சுமாரா ரெண்டு சென்டிமீட்டர் வெலகற எடம் அது, போதாததுக்கு பூமிக்கு உள்ள இருந்து சூடு ஏறி வர்ற இடமும் அங்கதான். அந்த பட்டையும் வாட்னயோகுல் மேற்கு பாதியும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது, அதனாலதான் ஐஸ்க்கு அடியில பார்தர்புங்கா, கிரிம்ஸ்வோட்ன்னு ரெண்டு பெரிய எரிமலை. தட்டு சமாச்சாரம் இவ்ளோ போதும், ஏழாவது புக்கோ எட்டாவது புக்கோ எல்லாத்துலயும் இருக்கு.

இப்ப சாமான். மீன் அனுப்பற பெரிய தெர்மாகோல் பெட்டி ஒண்ணு, முக்கா மீட்டர் நீளமாவது இருக்கணும், காசிமேட்டுல ஏலம் முடிஞ்சதும் ஓரத்துல கெடக்கும், கேட்டா குடுப்பாங்க. அதுக்கு உள்ள விரிக்க பழைய ப்ளாஸ்டிக் ஷீட். களிமண்ணு, கொசப்பேட்டைல பொம்மை செய்யறவங்க கிட்ட வாங்கினா கல்லு இல்லாம வரும். உடைஞ்ச செங்கல். பாதி கொட்டாங்குச்சி, கண்ணு இருக்கற பாதி. கொத்தனார் வெச்சிருக்கற லெவல் ட்யூப்ல ஒரு அர மீட்டர் துண்டு, ஹார்ட்வேர் கடைல வெட்டி குடுப்பாங்க. எம்சீல். மூடி டைட்டா நிக்கற சின்ன எவர்சில்வர் டப்பா ரெண்டு, கால் லிட்டர் புடிக்கற மாதிரி. கேசரி பவுடர், அடுப்புக்கரி, ஐஸ்க்ரீம் குச்சி, கொஞ்சம் சப்பாத்தி மாவு. கடைசில ஐஸ்.

அளவு ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. இப்படி வெச்சா ஒரு வேடிக்கை, 400 மீட்டர் ஐஸ் வெறும் நாலு மில்லிமீட்டர்தான் வரும், ஊத்தப்பம் கூட அத விட மொத்தம். அதனால உயரத்த மட்டும் பதினஞ்சு மடங்கு பெருசாக்கி ஆறு சென்டிமீட்டர் ஐஸ் வைக்கறோம். இத சார்ட்ல பெருசா எழுதிடுங்க. எழுதலன்னா ஜட்ஜா வர்ற சார் இத ஒண்ண புடிச்சுப்பாரு. அதோட குழந்தைக்கும் ஐஸ் கேப்ங்கறது கோபுரம் மாதிரி நிக்கறது இல்ல, பரந்து கெடக்கறதுன்னு இதுல இருந்துதான் மண்டைல ஏறும்.

பெட்டிய நீளவாக்குல வெச்சு ஒரு முனைய வடக்குனு வெச்சுக்கோங்க, அதுக்கு அடியில ஒரு செங்கல். தெற்கு முனைல சுவர அறுத்து எடுத்துடுங்க, தண்ணி அங்கதான் வெளிய வரணும். ஷீட்ட விரிச்சு செங்கல் துண்ட அடுக்கி மேல களிமண்ண பூசுங்க. முதல் தடவ களிமண்ணு மிச்சம் புடிக்கறதா நெனச்சு அடியில தெர்மாகோல் துண்ட போட்டேன், ஐஸ் உருகி தண்ணி உள்ள பூந்ததும் மொத்த மேட்டு நிலமும் மெதுவா எழும்பி மிதக்க ஆரம்பிச்சுடுச்சு, எங்க அம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டு இன்னாடி இது மலையே படகாட்டம் போவுதுன்னு ஒரே சிரிப்பு. செங்கலே போடுங்க.

வடக்கு முனைல இருந்து ஒரு பதினஞ்சு சென்டிமீட்டர் தள்ளி ஒரு குழி, அதுல எவர்சில்வர் டப்பா சரியா உக்காரணும், மூடி களிமண்ணுக்கு சமமா நிக்கணும். இதுதான் கியால்ப், 1996ல வெடிச்ச எடம், பார்தர்புங்காவுக்கும் கிரிம்ஸ்வோட்னுக்கும் நடுவுல. அதுல இருந்து தெற்க ஒரு பத்து சென்டிமீட்டர் தள்ளி கொட்டாங்குச்சிய பதிச்சுடுங்க, அதுதான் கிரிம்ஸ்வோட்ன், அந்த எரிமலை வாய்க்குள்ள ஐஸ்க்கு அடியில ஒரு ஏரி இருக்கு. டப்பால இருந்து கொட்டாங்குச்சி வரைக்கும் விரலால ஒரு வாய்க்கால் இழுங்க. கொட்டாங்குச்சி கண்ண குத்தி ஓட்டை போட்டு ட்யூப்ப சொருகி எம்சீல் வெச்சு, களிமண்ணுக்கு அடியில சரிவா இழுத்து தெற்கு முனைல வெளிய எட்டி பாக்கற மாதிரி விடுங்க. நிஜத்துலயும் ஏரில இருந்து தண்ணி சுமார் 50 கிலோமீட்டர் ஐஸ்க்கு அடியிலயேதான் ஓடி வெளிய வருது, ட்யூப் அர மீட்டர்னு சொன்னது அதுக்குதான்.

ட்யூப் வாய்ல சப்பாத்தி மாவ உருட்டி அடைச்சு அதுல ஒரு நூல் கட்டிடுங்க. இது ஏமாத்து வேலை, ஒத்துக்கறேன். நிஜத்துல அடைப்பு எதுவும் கெடையாது, ஐஸ்ஸே அணை. ஏரில தண்ணி ஏற ஏற, சுத்தி இருக்கற ஐஸ் கனத்துல பத்துல ஒம்போது பங்கு உயரம் வந்துச்சுன்னா தண்ணி ஐஸ தூக்கிடும், ஐஸ் தண்ணிய விட லேசு இல்லையா, அடியில ஒரு சந்து கெடைச்சதும் பிச்சிக்கும். வழக்கமா கிரிம்ஸ்வோட்ன்ல அதுக்கு முன்னாடியே கசிவு ஆரம்பிச்சு, ஓடற தண்ணியோட சூடே வழிய பெருசாக்கிக்கும். இத மாடல்ல கொண்டு வர என்னால முடியல, பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணில ஐஸ் கட்டிய மிதக்க விட்டு காட்டினேன், அவ்ளோதான்.

ட்யூப் வாய்க்கு முன்னாடி ஒரு ட்ரேல கடல் மண்ணோட கரித்தூள் கலந்து கொட்டி பரப்புங்க. இது ஸ்கேதரார்சாண்டுர், வெள்ளம் அடிச்சு அடிச்சு கொண்டு வந்து சேர்த்த கருப்பு மணல் வெளி. அது மேல ஐஸ்க்ரீம் குச்சில ஒரு பாலம். தீவ சுத்தி வர்ற ரோடு 1974ல முழுசாச்சுன்னா அது இந்த மணல் வெளில பாலம் கட்டி முடிச்சதாலதான்.

இப்ப ஐஸ். ஃப்ரிட்ஜ் ஐஸ் பத்தாது, கட்டி கட்டியா வரும், ஒரு மணி நேரம் கூட நிக்காது. காசிமேட்டுல காலைல போங்க. போட்டுக்கு ஏத்தற ஐஸ் பார் ஒரு ஆள் நீளத்துக்கு கொஞ்சம் கம்மியா இருக்கும், அத மெஷின்ல விட்டு தூளாக்கிட்டே இருப்பாங்க. நமக்கு ரெண்டுமே வேணும், பார்ல ஒரு துண்டும் தூளும். மீன் வாங்காம ஐஸ் மட்டும் கேட்டதுக்கு அங்க கூடை வெச்சிருந்த ஆயா, "இன்னாமா, மீனு இல்லாம ஐஸ மட்டும் இன்னா கொயம்பு வெக்கப் போறியா"ன்னு கேட்டுச்சு. இஸ்கூல்ல கொயந்த எரிமலை செய்யுதுன்னு சொன்னேன். "எரிமலைக்கு ஐஸா"ன்னு ஒரு பார்வ பார்த்துட்டு, அவங்களே ஒரு கோணிய குடுத்து சுத்திக்க சொன்னாங்க. கோணி சுத்தினா ஷேர் ஆட்டோல தண்டையார்பேட்டை வர்ற வரைக்கும் சொட்டு கூட ஒழுகல. ஆனா நாத்தம். கோணில மீன் வாடை ஊறியிருக்கு, அது ஐஸுக்கு ஏறி, ஐஸ்ல இருந்து க்ளாஸுக்கு ஏறி, பக்கத்து டேபிள்ல கூம்பு எரிமலை வெச்சிருந்த பையன் மூக்க புடிச்சுட்டே டெமோ குடுத்தான். வீட்டுல இருந்தே சுத்தமான கோணி எடுத்துட்டு போங்க.

ஐஸ் பார உடைச்சா உள்ள பாருங்க, ஓரம் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடு மட்டும் பால் மாதிரி வெள்ளையா இருக்கும். டின்ல வெளிய இருந்து உள்ள உறையும்போது தண்ணில இருக்கற காத்தும் அழுக்கும் நடுவுக்கு தள்ளப்படுது. ஐஸ் கேப் ஐஸ் இப்படி உருவாகறதில்ல. அங்க பனி மேல பனி விழுந்து வருஷக்கணக்குல அமுங்கி, காத்து வெளிய போய் மிச்சம் குமிழா மாட்டிக்கிட்டு கெட்டியாகுது, அடியில அமுங்கின ஐஸ் நீலமா தெரியும். நடுநடுவுல எரிமலை சாம்பல் விழுந்த வருஷம் எல்லாம் கருப்பு கோடா நிக்கும், ஓரத்துல உருகற எடத்துல அந்த கோட பாத்தே எந்த வெடிப்புனு கண்டுபுடிப்பாங்க. இத காட்ட தனியா ஒரு துண்டு செய்யலாம். தயிர் டப்பால கொஞ்சம் தண்ணி ஊத்தி ஃப்ரீஸர்ல உறைய விட்டு, மேல கரித்தூள தூவி, திரும்ப தண்ணி ஊத்தி உறைய விட்டு, நாலு அடுக்கு. எங்க மாடல்ல ஜனங்க ரொம்ப நேரம் நின்னு பாத்தது இததான், எரிமலைய இல்ல.

ஐஸ அடுக்கறதுல ஒரு விஷயம். ரெண்டாவது தடவ ஒரே கட்டியா வெட்டி முழுசா மூடினேன், அடியில உருகிட்டே இருக்கு ஆனா மேல ஒண்ணுமே தெரியல, கட்டி ஐஸ் பலகை மாதிரி நிக்குது. நிஜத்துல அப்படி இல்ல, அவ்ளோ கனத்துல ஐஸ் மெதுவா வளையும், அடியில உருக உருக மேல்பரப்பு கிண்ணம் மாதிரி கீழ உக்காரும், விமானத்துல போய் பாக்கறவங்களுக்கு முதல்ல தெரியறதே அந்த பள்ளம்தான். அதனால சுத்தி எல்லா பக்கமும் பார் துண்டு வெச்சு, டப்பா மேலயும் வாய்க்கால் மேலயும் மட்டும் தூள் ஐஸ நல்லா அமுக்கி நிரப்புங்க. கொட்டாங்குச்சி மேல மெல்லிசா ஒரு துண்டு. அது வழியா ஒரு ஸ்ட்ரா சொருகி, ஊதுபத்தி குச்சி முனைல தெர்மாகோல் உருண்டை ஒட்டி உள்ள விட்டா, ஏரில தண்ணி ஏற ஏற குச்சி மேல வரும். அங்கயும் ஏரி மேல மிதக்கற ஐஸ் எவ்ளோ எழும்புதுனு ஜிபிஎஸ் வெச்சுதான் பாத்துட்டு இருக்காங்க.

டப்பா மூடி மேலயும் வாய்க்கால்லயும் கேசரி பவுடர முன்னாடியே தூவிடுங்க. இது முக்கியம். நம்ம ஊர் சூட்டுல ஐஸ் மேல இருந்தும் உருகும், அது வெள்ளை தண்ணி, ஓரமா வழிஞ்சு போவும். அடியில சூட்டுல உருகற தண்ணி மட்டும் ஆரஞ்சா வாய்க்கால்ல ஓடும். இது உங்க வெயில்ல உருகின தண்ணிதானேன்னு யாராவது கேட்டா கலர காட்டுங்க, கேட்டவர் வாய மூடிப்பார்.

சூட்டுக்கு என்னன்னா, முதல்ல வறுத்த மணல போட்டேன், வேர்க்கடலை வண்டி ஞாபகத்துல. மணல் பயங்கரமா சுடும், ஆனா அஞ்சு நிமிஷத்துல ஆறிடும். கொதிக்கற தண்ணிதான் பெஸ்ட், ஒரே எடைக்கு மணல விட தண்ணி ரொம்ப அதிகமா சூட்ட புடிச்சு வெச்சிருக்கும். கால் லிட்டர் கொதி தண்ணி கிட்டத்தட்ட 300 கிராம் ஐஸ் வரைக்கும் உருக்கும். ஃப்ளாஸ்க்ல கொண்டு போய், டீச்சரோ வீட்டு பெரியவங்களோ டப்பால ஊத்தி, மூடிய துணி வெச்சு இறுக்கி, குழில இறக்கிட்டு உடனே தூள் ஐஸ போட்டு மூடணும். ஹீட்டர் ராடு, பல்பு, ஒயர் எதுவும் வேண்டாம், தண்ணி நிக்கற எடத்துல கரண்ட் வெச்சு விளையாடாதீங்க. நிஜ நெருப்பு குழம்பு எவ்ளோ உருக்கும்னு கேப்பாங்க, ஒரு பங்கு குழம்பு, எடைல இல்ல, கன அளவுல, தன்ன விட பத்து மடங்குக்கு மேல ஐஸ உருக்கும்.

இப்ப டெமோ. பத்து பதினஞ்சு நிமிஷத்துல தூள் ஐஸ் நடுவுல பள்ளம் விழும். அந்த நேரத்துல கதைய சொல்லணும். 1996 செப்டம்பர் 30, கியால்ப்ல சுமார் அர கிலோமீட்டர் ஐஸ்க்கு அடியில வெடிக்குது. ஒண்ணர நாள்ல அவ்ளோ ஐஸையும் உருக்கி துளைச்சுக்கிட்டு அக்டோபர் 2ந்தேதி சாம்பல் வெளிய வருது. அந்த சாம்பல் அடுப்பு சாம்பல் இல்ல, குழம்பு தண்ணில பட்டு படார்னு நொறுங்கின கண்ணாடித் தூள், 2010ல எய்யாஃபியாட்லயோகுல் வெடிச்சு ஐரோப்பா முழுக்க ப்ளேன் நின்னதும் இந்த தூளாலதான். ரெண்டு வாரத்துல கியால்ப் அடங்கிடுது. உருகின தண்ணி மட்டும் எங்கயும் போகல, அடியிலயே ஓடி கிரிம்ஸ்வோட்ன் ஏரில சேருது. எல்லாரும் காத்திருக்காங்க.  அக்டோபர் முழுக்க ஒண்ணும் இல்ல.

இந்த காத்திருப்ப வெளியூர்காரங்களுக்கு விளக்கறதுதான் கஷ்டம், நம்ம பக்கத்து ஜனங்களுக்கு ரெண்டே வரி போதும். மழை நின்னு வெயிலே அடிச்சுட்டு இருக்கும், புழல் ஏரில உபரி தண்ணி தொறந்தாங்கன்னா வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம்னு வரிசையா தண்ணி ஏறும். பேஞ்சது ஒரு எடம், நேரம் ஒண்ணு, நம்ம வீட்டு வாசல்ல வர்றது வேற நேரம். அவ இத சொன்னதும் பாக்க வந்த அம்மாங்க எல்லாம் ஆமாமான்னு தலையாட்டினாங்க, அதுக்கப்புறம் எரிமலைனா மேல பாக்கணும்னு ஒருத்தரும் நெனைக்கல, எல்லார் கண்ணும் ட்யூப் வாய்லதான்.

ஊதுபத்தி குச்சி நல்லா எழும்பினதும் நூல இழுங்க. நவம்பர் 5 காலைல நிஜமாவே உடைச்சுக்கிட்டு வந்துச்சு, வெடிச்சு அஞ்சு வாரம் கழிச்சு. உச்சத்துல செகண்டுக்கு 45,000 கனமீட்டருக்கு மேல, நம்ம கணக்குல சுமார் 16 லட்சம் கன அடி. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல தொறந்தது 29,000 கன அடி, அத அம்பத்தஞ்சு தடவ பெருக்கிக்கோங்க. ரெண்டே நாள்ல மூணு கன கிலோமீட்டருக்கு மேல தண்ணி, வீடு சைஸுக்கு பெரிய ஐஸ் கட்டிய உருட்டிக்கிட்டு வந்து ஒரு பாலத்த முழுசா தூக்கிட்டு போச்சு, இன்னொண்ணுல ஒரு பகுதிய பிச்சுடுச்சு. முறுக்கிக்கிட்ட இரும்பு கர்டர் ரெண்ட இன்னைக்கும் ரோட்டோரம் நினைவுக்கு வெச்சிருக்காங்க. ஒருத்தர் கூட சாகல. காரணம் அந்த அஞ்சு வாரம். இப்படி வர்ற வெள்ளத்துக்கு அவங்க வெச்ச பேரு யோகுல்ஹ்லாப், பனிப்பாறை ஓட்டம்னு வெச்சுக்கலாம், உலகம் முழுக்க புவியியல் படிக்கறவங்க இப்ப அந்த பேரையேதான் சொல்றாங்க.

கேள்வி ரெண்டு கண்டிப்பா வரும். ஐஸ் நெருப்ப அணைச்சுடாதா? மேல்தோல மட்டும் டக்குனு உறைய வைக்கும், உள்ள இருந்து தள்றத நிறுத்தாது. நல்ல கனமான ஐஸ்க்குள்ள தொடர்ந்து வெடிச்சா பக்கமெல்லாம் செங்குத்தா, தலை தட்டையா மலை உருவாகும். வாட்னயோகுலுக்கு வடக்க இருக்கற ஹெர்துபிரெய்த் அப்படி பொறந்ததுதான், 1,682 மீட்டர், சுத்தி இருந்த ஐஸ் போனதும் கவுத்த கிண்ணமாட்டம் தனியா நிக்குது. ரெண்டாவது கேள்வி, ஐஸ் எல்லாம் உருகிட்டா என்ன ஆகும்? பாரம் கொறைஞ்சா அடியில குழம்பு அதிகமா உருவாகும், போன பனியுகம் முடிஞ்சு ஐஸ் விலகினப்போ ஐஸ்லாந்துல எரிமலை வேகம் பல மடங்கு ஏறிச்சு. உருகறது இப்பவே நடக்குது, ஓக்னு ஒரு சின்ன பனிப்பாறைய 2014லயே செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்க, 2019ல அந்த எடத்துல கல்வெட்டு மாதிரி ஒரு பலகை கூட வெச்சாங்க.

ஒரு டெமோவுக்கு அர மணி நேரம் கணக்கு. ரெண்டாவது டெமோவுக்கு தூள் ஐஸ மூடி போட்ட இன்னொரு தெர்மாகோல் பெட்டில வெச்சிருங்க, ஃப்ளாஸ்க் தண்ணி ஆறிட்டா ஸ்கூல் கேன்டீன்ல கெஞ்சி வாங்கிக்கலாம். மாவு அடைப்ப ஒவ்வொரு தடவையும் புதுசா உருட்டுங்க, ஊறின மாவு நூல் மட்டும் கைல வர்ற மாதிரி அறுந்துடும், ஜட்ஜ் முன்னாடி எங்களுக்கு அதான் நடந்துச்சு, அவ பதறாம குடை கம்பிய விட்டு குத்தி தொறந்துட்டா. ட்ரேக்கு அடியில ஒரு பக்கெட், பழைய லுங்கி ரெண்டு. கேசரி பவுடர் தண்ணி யூனிஃபார்ம்ல பட்டா போகாது.